மழையிலிருந்து ஒன்பதாம் நாள்

நாகலூர்,
8.3.2024

அன்புள்ள உங்களுக்கு,

நலம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டையாகிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள், அதனால் கடிதம். இதற்கு நானே முத்திரை குத்தி நானே தபால் பையில் போடப் போகிறேன்.

"அப்படி என்னதான் இருக்குது அந்த ஊருல?" என்று கேட்டீர்கள். ஏரியில் படகு விட வருகிறவர்கள் பார்க்கிற ஏற்காட்டை நான் சொல்லவில்லை, அதே மலையில் இருக்கிற இந்த நாகலூரைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு சின்னத்தாயி அக்கா டீயைக் குடித்து முடிக்கும்வரை நாகலூர் பஸ் நிற்கும். "அக்கா, டம்ளரையும் ஏத்திக்கலாமுங்களா?" என்பார் கண்டக்டர். பஸ்ஸே சிரிக்கும். மதியம் மூடுபனி என் அஞ்சலகத்துக்குள்ளேயே வந்துவிடும். தபால்தலைகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அரிசி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை நல்ல மழை. மழையிலிருந்து ஒன்பதாம் நாள் எஸ்டேட்டில் காபிச் செடிகள் பூக்கும். இரண்டு நாள்தான் வெள்ளையாக இருக்கும். வந்து பாருங்கள். போஸ்ட் மாஸ்டர் இந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. ஓசூரிலிருந்து இந்த வேலையைச் செய்ய முடியாது என்று எனக்கும் தெரியும். முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் வேலையை விடச் சொல்லுங்கள்.

இலக்கியா


ஓசூர்,
12.3.2024

அன்புள்ள இலக்கியா,

பூ பார்க்க லீவு கேட்டால் கம்பெனியில் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், கணக்குக்குச் சரியாக இருக்கும். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீ அங்கே போய் ஐந்து மாதம். ஊரில் இருக்கிற அம்மாவுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதிக் கொண்டுவருகிறேன். நீ கையெழுத்துப் போட்டால் போதும்.

யுவராஜ்


நாகலூர்,
19.3.2024

அன்புள்ள உங்களுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பூவெல்லாம் பழுப்பானபிறகு நீங்கள் வந்து நின்றதை எஸ்டேட்டே இன்னும் பேசுகிறது. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் மாதேஸ்வரன் இன்றைக்கும் டீக்கடைக்கு முன்னால் நடித்துக் காட்டினார்: "பந்தி முடிஞ்சு எலை எடுத்தப்பறம் வந்திருக்கீங்களே மாப்ள! மழையில இருந்து எண்ணோணுமுங்க, தபால்ல இருந்தா எண்ணுவாங்க?" கடிதத் தேதியிலிருந்து எண்ணினேன் என்று நீங்களும் ஒத்துக்கொண்டு சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் ராஜினாமாத் தாளை மேசைமேல் வைத்தீர்கள். நான் டீ போட எழுந்து போனேன். நாலு மணி பஸ்ஸுக்கு நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன். அதை நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும். ஓசூரில் இருந்த எட்டு மாதமும், நீங்கள் ஷிஃப்டுக்குப் போனால் திரும்பி வரும்வரை நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொன்னால் உங்களைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன். இங்கே காலை பத்து மணிக்குள் பாதி ஊர் என்னைக் கூப்பிட்டுப் பேசிவிடுகிறது. பஸ், பனி, பூ என்று நான் எழுதியதெல்லாம் இதைத்தான்.

உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓசூரில் இருக்க என்னால் முடியாது. அதற்குமேல் என்ன என்று நீங்கள் சொல்லுங்கள்.

இலக்கியா


ஓசூர்,
24.3.2024

அன்புள்ள இலக்கியா,

நாலு தடவை படித்தேன். நீ பேசாமல் இருந்ததைப் பார்த்து, புத்தகம் படிக்கிற பெண், அமைதியான குணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அவ அங்கயே இருந்துக்கட்டும், நீ பஸ்ஸுலயே குடும்பம் நடத்து சாமி" என்றது. கோபத்தில் சொன்னதுதான், ஆனால் அதுதான் நடக்கப்போகிறது. என்னாலும் வேலையை விட முடியாது. வாராவாரம் சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மலையிறங்குகிறேன். ஒரு வருஷம் இப்படி ஓடட்டும். அப்புறம் எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன். கம்பெனி நண்பன் கோபியின் அறையில் ஒரு கட்டிலுக்கு இடம் இருக்கிறது. உன் புத்தகங்களை அடுக்கிக் கட்டினேன். நாலு பெட்டி வந்தது. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், வேன் பேசியிருக்கிறேன். முப்பதாம் தேதி கொண்டுவருகிறேன். அலமாரி அடிக்க எந்தச் சுவர் சரிப்படும் என்று பார்த்து வை.

யுவராஜ்