சக்கரவர்த்தி மறுத்த விவாகரத்து

இல்ஃபோர்ட்,
12.11.2006

அன்புள்ள மெற்றில்டாவுக்கு,

நானும் ஆரணியும் நல்ல சுகம். பரிஸிலை உம்முடைய தங்கச்சியும் பிறந்த பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுறன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பருப்பை ஒருக்கால் அடிப்பிடிக்க விட்டனான், அவ்வளவுதான்.

நேற்று மனோர் பார்க் மண்டபத்திலை எங்கடை கூத்து நடந்தது. ஐயோ, அதை என்னெண்டு சொல்ல! பிரெஞ்சுக்காரன் யூஜேன் பிரபுவின்ரை சரித்திரம். தேப்பனைப் புரட்சிக்காரர் தலை வெட்டிப்போட, தாய் ஜோசபின் நெப்போலியனைக் கலியாணம் முடிக்க, அந்தச் சக்கரவர்த்திக்கு மகனாகி, தளபதியாகி, ரஷ்யப் பனிக்குள்ளாலை மிஞ்சின படையைக் கூட்டிவந்த மனுசன். யூஜேனாக உம்முடைய மகள் ஆரணி. நெப்போலியனாக வேறை ஆர், நான்தான். என்ரை வயிற்றுக்கு வேறை வேஷம் பொருந்தாதாம்.

நீர் பரிஸுக்குப் போகேக்கை கேட்டீர், பிள்ளை உங்களோடை ஒட்டுறாளோ எண்டு. இல்லை. நாங்கள் கலியாணம் முடிச்சு இரண்டு வருசமாகியும், இந்த மனுசனும் ஒருநாள் விட்டிட்டுப் போகும் எண்டுதான் நினைக்கிறாள். பெத்த தேப்பன் விட்டிட்டுப் போன பிள்ளை, குறை சொல்ல ஏலாது. ஒத்திகையிலை சிநேகிதியிட்டை இங்கிலிஷிலை அதைத்தான் சொன்னவள். எனக்குக் கேட்டது.

இராச்சியத்துக்கு வாரிசு இல்லையெண்டு நெப்போலியன் ஜோசபினைத் தள்ளிவைக்கிற கட்டம் வந்தது. பக்கத்திலை வாளோடை ஆரணி. நான் பாட வாயைத் திறந்து, அவளின்ரை முகத்தைப் பார்த்தன். மெற்றில்டா, பழகின பாட்டை விட்டிட்டன். பிறகு வந்தது வேறை பாட்டு. இராச்சியம் போனால் போகட்டும், தாயையும் விடேன், பிள்ளையையும் விடேன் எண்டு நானே கட்டிப் படிச்சன்.

சனம் விசிலடிச்சுது. கூத்துப் பழக்கின அண்ணாவியார் சவிரிமுத்து திரைக்குப் பின்னாலை நிண்டு, அடேய் சந்திரகுமார், விவாகரத்துச் செய்யடா எண்டு குளறினார். ஜோசபினாக நிண்ட கனகவல்லி அக்கா, அழுகிற கட்டத்துக்குக் கண் துடைக்க வைச்சிருந்த லேஞ்சியாலை சிரிப்பைப் பொத்தினா. யூஜேன் பிரபு மட்டும் அசையேல்லை. பிறகு வாளை உறையிலை போட்டிட்டு, ஒத்திகையிலை இல்லாத வேலையாய், வந்து என்னோடை ஒட்டி நிண்டாள்.

சரித்திரம் கெட்டுப்போச்சு. யூஜேன் ரஷ்யாவுக்குப் போகவே இல்லை. கூத்து அதோடை முடிஞ்சு, எல்லாருக்கும் ரோல்ஸும் தேத்தண்ணியும் குடுத்தாச்சு. அண்ணாவியார் என்னோடை கதைக்கிறேல்லை. கதைக்காட்டிப் போகட்டும்.

பஸ்ஸிலை வரேக்கை, நீங்கள் ஹிஸ்ரறியிலை ஃபெயில் எண்டு ஆரணி சொன்னாள். சொல்லிப்போட்டு என்ரை தோளிலை சாய்ஞ்சு நித்திரையாப் போனாள். எழுப்ப மனம் வரேல்லை. இறங்கிற இடம் தாண்டிப்போய், மழைக்குள்ளை திரும்பி நடந்து வந்தம்.

நீர் அவசரப்படாமல் தங்கச்சியைப் பார்த்திட்டு வாரும். ஒரேயொரு மன்றாட்டம். இனிப் போன் எடுக்கேக்கை, அவள் அங்காலை நிண்டு என்னை ஒரு சொல்லாலை கூப்பிடுறது கேட்கும். இவ்வளவு நாளும் அங்கிள் எண்டவள், இண்டைக்குக் காலமைதான் தொடங்கினவள். கேட்டாலும் கேளாத மாதிரி இரும். நீர் அழுதீரெண்டால் பிள்ளை வெட்கத்திலை விட்டிடுவாள்.

ஆண்டவர் உங்கள் மூண்டு பேரையும் காப்பாராக.

இப்படிக்கு,
உம்முடைய
சந்திரகுமார்