இருபத்து மூன்று கடிதங்களில் ஒரு சொல்

இணுவில்
யுவ வருஷம் புரட்டாதி 12

சிரம்பான் றெயில்வே கந்தோரில் உத்தியோகமாயிருக்கும் என் கணவர் அவர்களுக்கு ஞானாம்பிகை வணங்கி எழுதுவது. இங்கே ஐயாவும் அம்மாவும் சுகமாயிருக்கிறார்கள். என் சுகத்தைப் பற்றி எழுத ஒரு தாள் போதாது, ஆகையால் இரண்டு தாள் எடுத்திருக்கிறேன்.

பெண்சாதி நேராகக் கடிதம் எழுதுகிறாளே என்று கோபிக்க வேண்டாம். நீங்கள் எழுதுவதெல்லாம் ஐயாவின் பெயருக்கு, அதுவும் இங்கிலீசில். ஐயாவுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் மருமகன் இங்கிலீசில் எழுதுவது அவருக்குப் பெரிய சந்தோஷம். கடிதம் வந்த அன்றே பென்சன்காரர் அருளம்பலத்தாரைக் கூட்டி வந்து, கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, தமிழில் வாசிப்பிப்பார். அயலவர்களும் கூடிவிடுவார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். கலியாணமாகி நாற்பது நாளில் நீங்கள் கப்பல் ஏறினீர்கள். இந்த ஐந்து வருஷமும் நான் என் புருஷனின் கதையைக் கேட்டது அருளம்பலத்தாரின் வாயால்தான்.

இனி ஒரு களவைச் சொல்லுகிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் மார்கிரட் ரீச்சரிடம் நூலில் ரேந்தை பின்னப் பழகப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, இரண்டு வருஷமாக இங்கிலீசு படிக்கிறேன். ரேந்தையும் பின்னுகிறேன், முழுப்பொய் இல்லை. எனக்கென்று தனியாக நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் அதை வாசிக்க மூன்றாம் ஆள் வேண்டாம் என்ற ஆசைதான்.

போன மாதம் ரீச்சர் 'குட்' என்ற சொல்லை எடுத்தார். நல்லது என்ற ஒரு அர்த்தத்தோடு அது முடிந்துவிடும் என்றிருந்தேன். வெள்ளைக்காரர் அந்த ஒரு சொல்லை வைத்துக் குடும்பமே நடத்துகிறார்கள். பிள்ளை குழப்படி செய்யாவிட்டால் குட். கணக்கில் கெட்டிக்காரன் என்றாலும் குட். மருந்து காய்ச்சலுக்குக் கேட்டாலும் குட், மீன் பழுதாகாமல் இருந்தாலும் குட். இரண்டு கட்டைத் தூரத்துக்குக் குறையாது என்பதற்கும் அதுதான். ஒரு உதவி கேட்பதென்றால், நீர் அவ்வளவுக்கு குட்டாக இருந்து இதைச் செய்யும் என்பார்களாம். ஒருவர் ஒரேயடியாக ஊரை விட்டுப் போய்விட்டால் அதற்கும் 'போர் குட்'. திரும்பி வராமற் போவதில் என்ன நல்லதைக் கண்டார்கள் என்று கேட்டேன். ரீச்சர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைய பாடத்தை அதோடு நிறுத்திவிட்டார்.

அந்தச் சொல் வரும் வசனங்களை வீட்டிலுள்ள இங்கிலீசுத் தாள்களில் தேடி எழுதி வரச் சொன்னார். எங்கள் வீட்டில் இங்கிலீசுத் தாள் என்றால் உங்கள் கடிதங்கள்தானே. ஐயாவும் அம்மாவும் கந்தசுவாமி கோயிலுக்குப் போன நேரம் றங்குப்பெட்டியைத் திறந்தேன். இருபத்து மூன்று கடிதங்கள். நாலு நாள் களவாக எடுத்து எடுத்து வாசித்தேன்.

ரீச்சர் சொன்ன அத்தனை விதத்திலும் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறீர்கள். அங்கே பெய்யும் மழை குட். சமையற்காரன் குட். துரை குட். புதுச் சைக்கிள் வெரி குட். ஐயா அனுப்பிய புகையிலையும் குட். என்னைப் பற்றித்தான் நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. என் பெயரே ஒரு கடிதத்திலும் இல்லை. பின்பக்கத்தில் இருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அப்படியென்றால், ஞானம் மெலிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியது யார்? அவள் அவித்த பிட்டை நினைத்தால் இங்கே சோறு இறங்குவதில்லை என்றது யார்? தை பிறந்ததும் அவளைக் கூப்பிடுவேன் என்று மூன்று தரம் சொன்னது யார்? எல்லாம் அருளம்பலத்தாரின் கைச்சரக்கு. அவற்றைத்தான் நான் ஐந்து வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

அவர் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. ஆனால் போன வெள்ளிக்கிழமை உங்கள் கடிதம் வந்தபோது, அவர் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றப் போனவர், கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டார். “ஞானம் பிள்ளையைப் பின்னேரப் பனியிலை நிக்க வேண்டாமாம், தடிமன் பிடிச்சிடுமாம்” என்றார். நான் “ஓம்” என்றேன். அடுப்படிக்குப் போய் அழுதேன். என் முகத்தைப் பார்த்து இரங்க அந்த மனிசனுக்குத் தோன்றியிருக்கிறது. உங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

இப்போது அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். தையில் கூப்பிடுவீர்கள் என்ற பேச்சை ஐயா நம்பிவிட்டார். அளவெட்டி முத்துக்குமாரு அண்ணையின் குடும்பம் தை மாதம் கப்பலில் பினாங்குக்கு வருகிறது. “மருமேன் கூப்பிட வெக்கப்படுறார், நாங்களாய் அனுப்பினால்தான் சரி” என்று சொல்லி, என்னையும் அவர்களோடு அனுப்ப ஒழுங்கு செய்துவிட்டார். உங்களுக்கு அறிவிக்கத் தேவையில்லையாம், நீங்களே கேட்டதுதானாம். அம்மா மிளகாய்த்தூள் இடித்து, ஒடியல் கட்டி வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் ஊர் முழுக்க அருளம்பலத்தாரை வறுத்தெடுத்துவிடும். ஐயாவும் தலைநிமிர்ந்து நடக்கமாட்டார்.

எனக்குத் தனிமை பழகிவிட்டது என்று சொன்னால் அது பொய். விளக்கு வைக்கிற நேரத்தில் இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது. ஆனாலும் வேண்டாத இடத்தில் பெட்டியோடு வந்து நிற்க என்னால் முடியாது.

மார்கழி பிறக்குமுன் பதில் போடுங்கள். ஐயாவின் பெயருக்கு வேண்டாம், ‘மார்கிரட் ரீச்சர் மேற்பார்த்து’ என்று உறையில் போட்டு என் பெயருக்கு எழுதுங்கள். வேறொன்றும் எழுதத் தேவையில்லை. பினாங்கில் நான் இறங்கும்போது நீங்கள் அங்கே நிற்பீர்களா, இல்லையா? இல்லையென்றால் நான் ஏறமாட்டேன். காரணத்தை ஐயாவுக்கு என் தலையில் போட்டுச் சொல்லிக்கொள்வேன், உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

கந்தசுவாமியார் உங்களை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். தமிழிலோ இங்கிலீசிலோ, எதில் எழுதினாலும் இனி நானே வாசிப்பேன். உள்ளதை எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெண்சாதி
ஞானாம்பிகை