தொண்ணூறு நாளுக்குப் பிறகு இரண்டு வீடு

ஆகுர்டி, புனே
அக்டோபர் 5, ஞாயிறு

அன்புள்ள டானியா அப்பாவுக்கு,

வரும் சனிக்கிழமையோடு தொண்ணூறு நாள் முடிகிறது. சம்பளப் பிரிவு ப்ரியம்வதா மேடத்திடம் வெள்ளியன்று நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மாற்றலில் போனவர் பழைய குவார்ட்டர்ஸையும் புதியதையும் சேர்த்து வைத்திருந்தால், முதல் தொண்ணூறு நாளுக்கு மதிப்பு குறைந்த வீட்டுக்கு மட்டுமே வரிக் கணக்காம். நீங்கள் மாற்றலாகிப் போயிருக்கும் சானந்த் சிறிய ஊர் என்பதால், இதுவரை உங்கள் சம்பளத்தில் ஐந்து சதவீதத்தை வீட்டு மதிப்பாக வருமானத்தில் சேர்த்தார்கள். இனி ஆகுர்டி வீட்டுக்கான ஏழரை சதவீதமும் சேரும். இரண்டுக்கும் வரி.

கர்த்தர் கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். பாத்ரூம் குழாயைக் கம்பெனி ஆள் வந்து மாற்றிவிட்டார். எதிர்வீட்டு லலிதா அக்காவிடம் வரி விஷயத்தைச் சொன்னது என் தப்பு. "உன் வீட்டுக்காரருக்கு ரெண்டு வீடுன்னு இன்கம்டாக்ஸுக்கே தெரிஞ்சுபோச்சாடி!" என்று மாடிப்படியில் நின்று சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

எந்த வீட்டை விடுகிறோம் என்று கம்பெனி கேட்ட மெயிலை எனக்கு அனுப்பி, "நீயே முடிவு பண்ணு" என்று எழுதியிருந்தீர்கள். சானந்த் வீட்டை விட்டால் நீங்கள் பேச்சிலர் ஹாஸ்டலுக்குப் போகவேண்டும். ஆகுர்டி வீட்டை விட்டால் நாங்கள் அங்கே வரவேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு வரியைக் கட்டலாம். அது நம்மால் முடியும். முடியும் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படியே வருஷங்கள் ஓடிவிடும்.

ஜூலையில் டானியாவின் பன்னிரண்டாம் வகுப்பைச் சொல்லி நான் இங்கே நின்றுகொண்டேன். "அதுவும் சரிதான்" என்றீர்கள். பெட்டி கட்டும்போது கூட வருகிறாயா என்று இன்னொரு தடவை கேட்பீர்கள் என்று நினைத்தேன். நான் தடுப்பேன் என்று நீங்கள் நினைத்தீர்களோ என்னவோ. ஸ்டேஷனில் தண்ணீர் பாட்டிலைப் பற்றித்தான் பேசினோம். அதற்கு முன்னாலும் ஒரு வருஷமாக நாம் பேசியது பால், பள்ளிக்கூடம், கேஸ் சிலிண்டர்தானே.

நேற்று டானியாவிடம் மெயிலைக் காட்டினேன். "நான் ஹாஸ்டல்ல இருந்து எக்ஸாம் எழுதிக்குவேன்மா. உங்க ரெண்டு பேருக்கும் என்னை ரீசன் ஆக்காதீங்க" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நாம்தான் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சுபின் உங்களுடன் வீடியோவில் பேசியபோது, அங்கே ஜன்னலோரம் அவனுக்கென்று ஒரு கட்டில் போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறான். கம்பெனி சின்ன வீடு தருவதாகச் சொல்லியும் நீங்கள் இரண்டு படுக்கையறை வீட்டைக் கேட்டு வாங்கியதை மேடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் ஆகஸ்டிலேயே கிளம்பியிருப்பேனோ என்று இப்போது யோசிக்கிறேன்.

போனில் பேசினால் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள். தமிழ் எழுத்து இருவருக்கும் வராது. அதனால் இந்தக் கடிதம் சாப்பாட்டு மேசையில் திறந்தே கிடக்கிறது. சுபின் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பாஜி லிஸ்டா?" என்று கேட்டான். காய்கறி வாங்கத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாளை ஸ்பீட் போஸ்ட்டில் போட்டால் புதனன்று உங்கள் கைக்கு வந்துவிடும். கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் போகவேண்டும். நான் இன்னும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கூப்பிடுங்கள். வரியைப் பற்றிப் பேசவேண்டாம், என்ன செய்யலாம் என்றும் கேட்கவேண்டாம். "சத்யா, கிளம்பி வா" என்றோ, "வராதே" என்றோ உங்கள் வாயால் சொல்லுங்கள். எதுவானாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் உங்களைக் கர்த்தர் காக்கட்டும்.

உங்கள்
சத்தியவதி