லேப் குழாய்த் தண்ணி

அக்கா,

பதினேழு தடவை கூப்புட்டும் போன் எடுக்கல. அதனால எழுதறேன். கிழிச்சுப் போடாமப் படி.

இரும்பே சேர்க்காத உன்ற ஜியோலைட்டுத் தூளும் மீத்தேனை மெத்தனாலாக்குதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறியாமா. எப்படிக்கா ஆக்கும்? மீத்தேன் முழுசா எரிஞ்சு புகையாகாம மெத்தனாலோட நிறுத்தறதுக்கு, நீ காப்பியடிக்கற அந்த பாக்டீரியா என்சைமுக்கே இரும்பு வேணும்.

உன்ற லேப்புக்கு ஒத்தாசைக்கு வந்தப்ப அந்தத் தூளைக் கழுவுனது நான்தான். காய்ச்சி வடிச்ச தண்ணி தீந்துபோச்சு. கீழ போயி எடுத்தாரச் சோம்பல், லேப் குழாய்லயே மூணு தடவை கழுவிட்டேன். அது போர் தண்ணி.

படிப்பை உட்டுட்டு ரிக்கு லாரிக்கு வந்தப்பறந்தான் எனக்கே உறைச்சுது. வெண்ணந்தூர்ல போர் போட்டோம். தண்ணி தெறிச்ச வெள்ளைச் சட்டை காஞ்சதும் அப்படியே துருக்கறை. லேப் போர் தண்ணிலயும் அப்படி இரும்பு இருந்தா, கழுவறப்பவே உன்ற தூள்ல ஏறியிருக்கும்.

"படிப்ப உட்டவன் எனக்குச் சொல்றானா"ன்னு அம்மாகிட்டக் கேட்டியாமா. சரி, என்னை நம்பாத. வாட்ச்மேனைக் கெஞ்சி அதே குழாய்ல தண்ணி புடிச்சு அம்மாகிட்டக் குடுத்துருக்கறேன். திங்கக்கிழமை டாக்டர் பட்டத்துக்கு வாத்தியாருங்க முன்னாடி போயி நிக்கறதுக்குள்ள அந்தப் பாட்டில்ல இரும்பு இருக்குதான்னு பாத்துரு.

இருந்துச்சுன்னா, தம்பி பண்ணுன தப்புன்னே சொல்லிரு. என்கிட்டப் பறிச்சுக்க டிகிரியா இருக்குது?

உன்ற சோம்பேறித் தம்பி