அண்ணியின் கொப்புளத்தில் இருந்த கிருமி

அக்டோபர் 14, செவ்வாய்
புழுக்கம். வாடைக் காற்று இன்னும் திரும்பவில்லை. நேற்று உப்புத்தண்ணீர் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும்போது அண்ணியின் கையை நண்டு கடித்ததாம். வீக்கம். சர்க்கரை வேறு. மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.
"நண்டு கட்ச்சதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? போம்மா, பஸ்ஸு போயிடப் போவுது."
போயே விட்டது. அடுத்த பஸ். ஆஸ்பத்திரி லேபில் எதிலும் மனம் நிற்கவில்லை.

15, புதன்
விடிந்ததும் அண்ணிக்குக் கடும் காய்ச்சல். முழங்கைவரை வீக்கம், கருநீலக் கொப்புளங்கள். அண்ணனும் நானும் ஆட்டோவில் பொன்னேரிக்கு, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே. டாக்டர் பார்த்ததுமே, "ஏரித் தண்ணியா?" என்றார். ஏரித் தண்ணீர்க் கிருமிக்கான மருந்தும் சேர்த்து ஏற்றினார்கள். மதியம் கையைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். கொப்புள நீரை லேபில் நானே தட்டில் பூசிக் கிருமி வளர வைத்தேன்.

16, வியாழன்
மழை. குடை வீட்டில்.
தட்டில் கிருமி வளர்ந்திருக்கிறது. முதலில் ஆக்சிடேஸ் சோதனை. தாளில் கரைசல் விட்டுக் கிருமியைத் தேய்க்க வேண்டும். கிருமியில் ஆக்சிடேஸ் என்ற நொதி இருந்தால் ஊதா நிறம். ஏரிக் கிருமி என்றால் வர வேண்டும். வரவில்லை.
வேறு ஏதோ என்று எழுதிக் கொடுத்தால் மருந்தை மாற்றிவிடுவார்களே. ஊதா வந்தே தீர வேண்டிய கிருமி ஒன்று லேபில் உண்டு. அதைத் தேய்த்தேன். அதுவும் வரவில்லை! கரைசல்தான் கெட்டுப்போயிருக்கிறது.
டாக்டரிடம் ஓடினேன். "மருந்து அப்படியே போகட்டும். புதுக் கரைசல்ல பாத்துச் சொல்லும்மா."
பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபில் கேட்டு வாங்கி, நனைந்துகொண்டே வந்தேன். தேய்த்ததுமே ஊதா.
ஏரிக் கிருமிக் குடும்பத்திலும் பல வகை. பால் சர்க்கரையை உடைக்கும் நொதி இருந்தால் குழாய் மஞ்சளாகும். மாலைக்குள் மஞ்சள். மற்ற சோதனைகளும் ஒத்துப்போகின்றன. விப்ரியோ வல்னிஃபிகஸ். இருப்பதில் பொல்லாதது.
டாக்டர் நான் எழுதிய முடிவுத் தாளை வாங்கி, நின்றபடியே படித்துவிட்டு, அறுவை அறைக்குப் போன் செய்தார்.

18, சனி
நேற்று எழுத முடியவில்லை. அறுவையில் அண்ணிக்கு இரண்டு விரல்கள் போயின. கை தப்பியது.
இன்று காய்ச்சல் இல்லை. கஞ்சி குடித்தாள்.
"அது பேரு இன்னா?"
சொன்னேன்.
"வாயிலயே நொழையல. நம்ம ஏரிலயா கீது?"
"ஆமா அண்ணி."
"எப்பவுமா?"
"எப்பவும்தான்."
கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்க அண்ணன் கால்ல சிப்பி கிழிச்ச புண்ணு கீது. தண்ணில எறங்க வேணாம்னு சொல்லும்மா."
அண்ணனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பக்கத்து வீட்டில் கேட்டால், காலையிலேயே ஏரிக்குப் போய்விட்டான் என்கிறார்கள்.