நிமிர்ந்த கழுத்து

ஆவூர்
2.12.1961

அன்புத் தம்பிக்கு,

நான் செய்த மாதா கோயில் கித்தாரை இன்று பிரித்தேன். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் நட்டைத் தளர்த்தியதும், ஏழு வருஷமாக வளைந்திருந்த கழுத்து என் கண்ணெதிரே நிமிர்ந்தது. உளியால் மேல்பலகையைப் பெயர்த்து உள்ளே பார்த்தேன்.

பச்சை மரம் கொடுத்துக் கெடுத்தாய் என்றேனே, நீ தந்த பலகை காய்ந்ததுதான். தந்திகளின் இழுப்பைத் தாங்க, கம்பி நடுவில் கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். நான் மேல்நோக்கிப் பதித்திருக்கிறேன். நிமிர்த்துவதாக நினைத்து, முறுக்கிய ஒவ்வொரு முறையும் நானே வளைத்திருக்கிறேன்.

“மரத்துல கொறையில்லண்ணே, கம்பியப் பாருங்க” என்று ஊரார் முன்னால் சொன்னாய். அதற்கு நான் உன் மேல் கைவைத்ததை எழுத வரவில்லை. அன்று ஊரை விட்டுப் போன நீ, ஆத்தாளின் அடக்கத்துக்கும் வரவில்லை.

கழுத்தை ஒட்டப்போவதில்லை. நாளைப் பூசைக்கு வரும் அத்தனை பேரும் பார்க்க, திறந்தபடியே கோயில் வாசலில் வைக்கிறேன். பக்கத்தில் நானும் நிற்பேன்.

உன் அண்ணன்