மூன்றில் இரண்டு

அன்பு அப்பாவுக்கு,

உங்கள் உடம்பும் அம்மாவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன? அங்கே பனி விழத் தொடங்கியிருக்கும், ஏணியில் ஏறாதீர்கள். பேக்கர்ஸ்ஃபீல்டில் நான் நலம்.

பழைய ஃபோர்டு எஞ்சினில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர்கள் மூன்றைச் சரியாகப் பொருத்தினால் எனக்கு நிரந்தர மெக்கானிக் வேலை என்று முதலாளி மெர்ல் சொன்னதை எழுதியிருந்தேன். பொருத்திவிட்டேன். ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மூன்றும் ஒரே சத்தத்தில் காற்றை இழுக்கும்வரை பதினோரு நாள் அவற்றின் திருகாணிகளைத் திருகினேன்.

சனிக்கிழமை அந்த ஃபோர்டின் சொந்தக்காரர் ஹார்லன் வந்தார். "அழகா இருக்கு மெர்ல். ஓரத்து ரெண்டையும் எப்ப அடைக்கப்போற? பெட்ரோலைக் குடிச்சே என்னை ஆண்டியாக்கிடும். கண்காட்சியில மூணு தெரிஞ்சாப் போதும்னு முதல்லயே சொன்னேனே!"

மெர்ல் என்னைப் பார்க்காமல் சிரித்தார். ஹார்லன் போனதும் வேலையைப் பற்றிக் கேட்டேன்.

"ஓடப்போறது ஒண்ணுதானேம்மா, வெர்னா. ஒண்ணை எவன் வேணும்னாலும் சரி பண்ணுவான். மூணும் ஓடுற வண்டி வரட்டும், பேசலாம்."

நான் கெடுத்தாலும் நஷ்டமில்லாத எஞ்சினாகப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார். ஓரத்து இரண்டையும் அடைக்கும் தகடுகளையும் நானே வெட்டினேன். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் விளிம்புகளை அரத்தால் வழவழப்பாக்கினேன்.

பட்டறைத் தரை குளிர்கிறது. கம்பளிக் காலுறை அனுப்புங்கள். இரவில் படிக்க, என் புத்தகங்களில் தடிமனானவை எவையானாலும் அதோடு சேர்த்து அனுப்புங்கள். செய்தி இல்லாவிட்டாலும் எழுதுங்கள். மெர்ல் கூப்பிடுகிறார். எனக்கு வேலை கிடைத்துவிட்டதென்று இதற்குள் ஊரில் சொல்லியிருந்தீர்களானால், திருத்த வேண்டாம்.

உங்கள் மகள்,
வெர்னா